சுவரெழுத்தா, தகரப் பலகையா? வன்னி வீதியோரப் போராட்டத்துக்கு வாங்கும் பொருட்கள்: ஒரு மதிப்பீடு

வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுக் கடைகளில் போராட்டத்துக்கென்று வாங்குகிற பொருட்களைப் பற்றியது இது. ஸ்பிறே ரின், எனாமல், எமல்சன், சுவரொட்டி, பிளெக்ஸ் பனர், சீலை, தகரப் பலகை ஆகியவற்றை எடுத்துக்கொண்டிருக்கிறோம். கொம்பனிப் பெயர்கள் இல்லை. ஒரு கொம்பனியின் எமல்சனுக்கும் இன்னொரு கொம்பனியின் எமல்சனுக்கும் உள்ள வித்தியாசம் கொஞ்சம்தான். எமல்சனுக்கும் எனாமலுக்கும், சீலைக்கும் பிளெக்ஸுக்கும் உள்ள வித்தியாசம்தான் காசைத் தின்பதும், சொல்ல வந்ததைச் சொல்ல விடாமல் செய்வதும்.

அளவுகோலை முதலில் சொல்லிவிடுகிறோம். வலிந்து காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலடியில் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி தொடர் போராட்டத்தில் இருக்கத் தொடங்கினார்கள். வவுனியாவில் அதே மாதம் 24ஆம் திகதி, முல்லைத்தீவில் மார்ச் 8ஆம் திகதி. வன்னியில் போராட்டம் என்றால் வருடக்கணக்கு. அதனால் "எவ்வளவு பேர் திரும்பிப் பார்த்தார்கள்" என்று மட்டும் பார்த்துப் பொருள் வாங்கினால் பிழைக்கும். அடுத்த மாரிக்குப் பிறகும் அந்த எழுத்து நிற்குமா, நின்றால் வாசிக்க முடியுமா, அதற்காக யாராவது மறியலுக்கு, அதாவது சிறைக்கு, போக வேண்டி வருமா என்பதையும் சேர்த்தே பார்த்திருக்கிறோம்.

உடைப்பதும் பூசுவதும்

ஏதாவது ஒன்றை உடைத்தால், பெயர்ப்பலகையில் கறுப்புப் பூசினால் அரசாங்கம் திரும்பிப் பார்க்கும் என்ற பேச்சு இளம் பிள்ளைகளிடம் அடிக்கடி வரும். அது முழுப் பொய்யல்ல. 2020 ஜூன் 7ஆம் திகதி பிரிட்டனின் பிரிஸ்டல் நகரில் அடிமை வியாபாரி எட்வேர்ட் கோல்ஸ்டனின் சிலையை இழுத்து விழுத்தினார்கள். வழக்குப் போடப்பட்ட நாலு பேரையும் 2022 ஜனவரியில் ஜூரி விடுவித்தது. ஆனால் அந்தச் சிலை வேண்டாம் என்று அந்த ஊர்க்காரர் பல வருடமாக மனுக் கொடுத்தும் பேசியும் வந்தவர்கள். சிலை விழுந்தபோது ஏன் விழுந்தது என்று யாருக்கும் விளக்கம் சொல்லத் தேவைப்படவில்லை. 2022 ஒக்ரோபரில் லண்டனில் வான்கோவின் சூரியகாந்தி ஓவியத்தின் மேல் சூப் ஊற்றியபோது நடந்தது வேறு. ஓவியம் கண்ணாடிக்குப் பின்னால் இருந்ததால் தப்பியது, சட்டகம் பழுதானது. ஊற்றிய இரண்டு பேருக்கும் 2024இல் ஒருவருக்கு 2 வருடம், மற்றவருக்கு 20 மாதம் சிறை. எண்ணெய் அகழ்வைப் பற்றிப் பேசவைக்கத்தான் அவர்கள் ஊற்றினார்கள். சனம் ஓவியத்தைப் பற்றியே பேசியது.

சிரியாவின் தெரா நகரில் 2011இல் சிறுவர்கள் பள்ளிக்கூட மதிலில் ஆட்சிக்கு எதிராக எழுதியதையும் உதாரணம் காட்டுவார்கள். அங்கே ஊரை வீதிக்கு இறக்கியது பெயின்ற் அல்ல. எழுதிய பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டுபோய்ச் சித்திரவதை செய்ததுதான். அந்த விலையைக் கொடுக்கச் சொல்லி எந்தப் பிள்ளையையும் கேட்க எங்களுக்கு உரிமை இல்லை.

எங்கள் நாட்டுக் கதை இன்னும் தெளிவானது. 1957 ஜனவரியில் வாகன இலக்கத் தகடுகளில் ஸ்ரீ என்ற எழுத்து சிங்களத்தில் வந்தது. தமிழரசுக் கட்சியினர் அதை அழித்துத் தமிழில் எழுதினார்கள். 1958 மார்ச், ஏப்ரலில் அது மறுபடி சூடுபிடித்தபோது தெற்கில் தமிழ்ப் பெயர்ப்பலகைகளுக்குத் தார் பூசினார்கள். பிரதமர் பண்டாரநாயக்காவும் தமிழரசுக் கட்சித் தலைவர் செல்வநாயகமும் செய்த பண்டா–செல்வா ஒப்பந்தம் ஏப்ரல் 9ஆம் திகதி கைவிடப்பட்டது. மே மாதம் வவுனியாவில் நடக்கவிருந்த கட்சி மாநாட்டுக்குப் போகிறவர்களைத் தேடி ரயில்களைத் தாக்கியதோடு கலவரம் தொடங்கியது. அந்தக் கலவரத்துக்கு எழுத்தழிப்புத்தான் காரணம் என்று நாங்கள் சொல்லவில்லை. தாருக்குத் தார் என்று வந்தால், ஆள்பலமும் பொலிஸும் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கத்தின் வாளிதான் பெரிதாக இருக்கும். இதை மறக்கக் கூடாது என்றுதான் சொல்கிறோம்.

சட்டத்தையும் பெயர்ப்பலகையைத் தொட நினைக்கிற ஒவ்வொருவரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில், வீதியோரத்திலோ பொது இடத்திலோ நிற்கிற பலகையின் எழுத்துகளை அதிகாரமின்றி அழிப்பதும் சிதைப்பதும் தனியாகவே ஒரு குற்றம். தண்டனை 5 வருடத்திலிருந்து 20 வருடம். பஸ் தரிப்பிடம், அரச கட்டடம், இலங்கைப் போக்குவரத்துச் சபை (இ.போ.ச.) பஸ் போன்றவற்றுக்குச் சேதம் என்றால் 1982ஆம் ஆண்டின் பொதுச் சொத்துகள் மீதான குற்றங்கள் சட்டம் வரும். அதில் சாதாரண வழக்கைப் போலப் பிணை எடுக்க முடியாது. அரை லீற்றர் கறுப்புப் பெயின்றுக்கு இது கட்டுப்படியாகிற விலையல்ல.

கழிவு ஒயில் பற்றி ஒரே வரி: வாங்கவும் வேண்டாம், கேட்கவும் வேண்டாம். இந்த நாட்டில் கழிவு ஒயில் வீச்சு என்பது மிரட்டுகிறவர்களின் வேலை. அதைக் கையில் எடுத்த நிமிடமே சனம் உங்களை அந்த வரிசையில் வைத்துப் பார்க்கும்.

உடைந்த பொருள் தானாகப் பேசாது, பக்கத்தில் பலகை நடுகிறவன்தான் அதைப் பேசவைக்கிறான். கிளிநொச்சி நகரில் ஏ-9 வீதியோரம் விழுந்து கிடந்த பெரிய தண்ணீர்த் தாங்கியை நினைத்துப் பாருங்கள். போர் முடிந்த பிறகு அரச தரப்பினர் அதைச் சுற்றி வேலி போட்டு, அழிவு இனி வேண்டாம் என்று பலகை வைத்து, பக்கத்தில் நினைவுப் பொருட் கடையும் திறந்து, தெற்கிலிருந்து பஸ்ஸில் வந்த சனத்துக்குக் காட்டினார்கள். தாங்கியைச் சுற்றியிருந்த சனம் இழந்தது எதுவும் அந்தப் பலகையில் இல்லை. நாங்கள் பலகையையும் எழுத்தையும் இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்வதற்குக் காரணம் இதுதான்.

ஸ்பிறே ரின்

400 மில்லிலீற்றர் ரின் ஒன்றில் ஒரு பூச்சுக்கு ஒன்றரைச் சதுர மீற்றர், மிஞ்சினால் இரண்டு. மதில் முழுக்க எழுத இது சரிவராது. பூசாத சீமெந்துக் கல்லில் விளிம்பு ஊதிப்போகும். சோழகம் அடிக்கிற மே முதல் செப்ரெம்பர் வரை வெளியில் அடித்தால் பாதி காற்றோடு போய்விடும். தகரக் கொட்டகைக்குள் வெயிலில் வைக்கக் கூடாது, 50 பாகைக்கு மேல் சூடேறினால் ரின் வெடிக்கக்கூடும். அடித்து முடிந்ததும் தலைகீழாகப் பிடித்து வெறும் காற்று வரும்வரை அமத்தவேண்டும். இல்லாவிட்டால் அடுத்த நாள் ரின்னின் மூக்கு அடைத்திருக்கும்.

அச்சு வெட்டித் தகரத்தில் எழுதுவதற்கு மட்டும் இதை வாங்கலாம். தமிழ் எழுத்துக்கு அச்சு வெட்டுகிறவர்கள் அடிக்கடி விடுகிற பிழை ஒன்று உண்டு. ப, ட போன்றவை திறந்த எழுத்துகள், அப்படியே வெட்டலாம். க, ண, இ ஆகியவற்றில் மூடிய வட்டங்கள் இருக்கின்றன. வெட்டினால் நடுத்துண்டு கழன்று விழும். ஒவ்வொரு வட்டத்துக்கும் இரண்டு இடத்தில் அரை அங்குல அகலப் பாலம் விட்டு வெட்டுங்கள். குற்றின் விட்டம் எழுத்துக்கோட்டின் தடிப்பைவிடக் குறையக் கூடாது. குறைந்தால் முதல் பூச்சிலேயே அடைந்துவிடும், மெய்யெழுத்து உயிர்மெய்யாகிவிடும்.

எமல்சனும் எனாமலும்

உரிமையாளர் சம்மதித்த மதிலுக்கு எமல்சன்தான். சம்மதத்தைக் கடிதமாக வாங்கி, எழுத முதலும் எழுதிய பிறகும் திகதியோடு படம் எடுத்து வைத்திருங்கள். 20 அடிக்கு 5 அடி மதில் என்றால் 100 சதுர அடி. ஒரு லீற்றர் ஒரு பூச்சுக்கு 100 முதல் 120 சதுர அடி பிடிக்கும். வெள்ளை அடிப்பூச்சு இரண்டு தரம் என்றால் 2 லீற்றர், எழுத்துக்கு அரை லீற்றர் கறுப்பு. முதல் பூச்சில் ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர் கலக்கலாம், இரண்டாவதில் வேண்டாம்.

புதிதாகப் பூசிய சீமெந்து மதிலில் 28 நாளாவது பொறுக்க வேண்டும். அதற்கு முன் எனாமல் பூசினால் சீமெந்தின் காரம் அதைச் சவர்க்காரம்போல ஆக்கி உரித்துவிடும். முல்லைத்தீவுக் கரைப்பக்கம் உவர் பூத்த மதில் என்றால் எந்தப் பெயின்றும் நிற்காது. தூரிகையால் உவரைச் சுரண்டி, காயவிட்டு, சீலர் ஒரு பூச்சு அடித்தபிறகே எழுதுங்கள்.

நிறத்தில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். பளிச்சென்ற சிவப்பும் மஞ்சளும் வெயிலில் முதலில் வெளுக்கும். கறுப்பு நிற்கும். சிவப்புக் கட்டாயம் வேண்டுமென்றால் நிலத்துக்குப் பூசுகிற சிவப்பு ஒக்சைட் வாங்குங்கள். மங்கலான, கிறவல் மண் நிறம்தான். ஆனால் இரும்புத் துரு வெயிலுக்கு வெளுக்காது.

பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பஸ் தரிப்பிட மதில்களை விட்டுவிடுங்கள். சட்டத்துக்காக மட்டுமல்ல. அதை உரஞ்சிக் கழுவப்போவது பிரதேச சபைத் தொழிலாளி, பெரும்பாலும் உங்கள் ஊர்க்காரர். இரவில் எழுதிய வாசகத்தின் முதல் வாசகரும் கடைசி வாசகரும் அவராகவே போய்விடுகிறார்.

சுவரொட்டி

மலிவு, வேகம், ஆயுள் குறைவு. பசைக்கு ஒரு கோப்பை கோதுமை மாவை ஒரு கோப்பை பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, கொதிக்கிற நாலு கோப்பைத் தண்ணீரில் மெல்ல ஊற்றி ஐந்து நிமிடம் கிண்டுங்கள். அன்றைக்கே பாவித்து முடிக்க வேண்டும், மறுநாள் புளித்துவிடும். மாப் பசை என்பதால் மாடும் ஆடும் இழுத்துத் தின்னும். அதற்காக மயில்துத்தம் கலக்கிறவர்கள் இருக்கிறார்கள். அது நஞ்சு, செய்யாதீர்கள். தலைக்கு மேல் ஏழடி உயரத்தில் ஒட்டினால் போதும்.

இந்த எளிய பொருளால் செய்த மிகப் பெரிய வேலை ஆர்ஜென்டீனாவில் நடந்தது. இராணுவ ஆட்சி முடிகிற காலம், 1983 செப்ரெம்பர் 21ஆம் திகதி, புவெனஸ் அயர்ஸின் பிளாசா டி மாயோ சதுக்கத்தில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் நடத்திய பேரணி. வந்த சனம் கடதாசியில் படுத்து, ஒருவரை ஒருவர் சுற்றி வரைந்து, ஆளளவு உருவங்களைச் சுற்றியிருந்த சுவர்களில் நிற்கிற மாதிரி ஒட்டியது. கண்ணாடி உடையவில்லை, கதவு எரியவில்லை. சதுக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் இல்லாதவர்களின் உயரத்தைப் பார்த்தார்கள். வன்னியில் செய்வதென்றால் சுவருக்குப் பதில் போராட்டக் கொட்டகையின் தறப்பாளில் ஒட்டலாம். ஒரு லீற்றர் கறுப்பு எமல்சனில் ஆளளவு உருவம் ஏறக்குறையப் பத்து நிரப்பலாம். ஆறடி நீளக் கபிலக் கடதாசி ஒரு ஆளுக்கு ஒன்று. மதிப்பெண் கொடுத்தால் இந்த முறைக்குத்தான் ஆகக் கூடக் கொடுப்போம்.

பிளெக்ஸ் பனரும் சீலையும்

காலையில் கொடுத்துப் பின்னேரம் எடுக்கலாம் என்பதால் எல்லாரும் பிளெக்ஸுக்குத்தான் ஓடுகிறார்கள். ஒருநாள் ஊர்வலத்துக்கு அது நல்லது. வருடம் முழுக்க வெயிலில் நிற்கிற கொட்டகைக்குக் கூடாது. மையில் சிவப்பும் மஞ்சளும் போய், நீலமும் கறுப்பும் மிஞ்சும். பழைய பனர் ஒன்றைக் கிட்டப்போய்ப் பார்த்தால் தெரியும்: கறுப்பில் அடித்த அமைப்பின் பெயரும் திகதியும் அப்படியே இருக்கும், சிவப்பில் பெரிதாக அடித்த கோரிக்கை வெளிறிய பூவரசம்பூ நிறத்துக்குப் போயிருக்கும், படங்களில் முகங்கள் நீலம் பாரித்திருக்கும். பிளெக்ஸ் அடிப்பதென்றால் கோரிக்கையைக் கறுப்பில் போடச் சொல்லுங்கள். கடைக்காரர் சிவப்பு எடுப்பாக இருக்கும் என்பார், விட்டுக்கொடுக்காதீர்கள்.

கட்டுகிற விதமும் முக்கியம். கயிறு கோர்க்கிற வளையம் (ஐலெட்) மூலைக்கு ஒன்று போதாது, இரண்டடிக்கு ஒன்று வேண்டும். காற்றுக்கென்று பிறை வடிவில் ஓட்டை வெட்டுவார்கள், அந்த வெட்டிலிருந்துதான் கிழியத் தொடங்கும். வெட்டாமல், பக்கக் கயிறுகளுக்கு நடுவில் பழைய சைக்கிள் ரியூப் துண்டு முடிந்துவிட்டால் காற்றுக்கு இழுபட்டு மீளும்.

சீலைக்கு வேலை கூட, ஆயுளும் கூட. வெளுக்காத பருத்திச் சீலையை முதலில் கஞ்சி போகத் துவைக்க வேண்டும், இல்லாவிட்டால் பெயின்ற் மேலேயே நிற்கும். சட்டகத்தில் இழுத்துக் கட்டி எமல்சனில் எழுதுங்கள். எனாமல் சீலையை மட்டைபோல விறைக்கவைத்து மடிப்பில் வெடிக்கும். மேலும் கீழும் மடித்துத் தைத்து உள்ளே கயிறு ஓட்டுங்கள். கழற்றினால் மடிக்காமல் சுருட்டி வையுங்கள்.

தகரப் பலகை

நீண்ட போராட்டத்துக்கு நாங்கள் வாங்கச் சொல்வது இதைத்தான். 8 அடிக்கு 4 அடி மட்டத் தகரம், பின்னால் ஓரங்குலப் பெட்டிக் குழாய்ச் சட்டம், இரண்டு அங்குல ஜி.ஐ. பைப் இரண்டு. அலவாங்கால் இரண்டடிக்குக் குறையாமல் கிடங்கு தோண்டி, சீமெந்து ஒன்று, மணல் இரண்டு, சல்லி நாலு என்ற கலவை போடுங்கள். மணிக்கு 54 கிலோமீற்றர் காற்றில் அந்தப் பலகையின்மேல் ஏறக்குறைய 50 கிலோ தள்ளல் விழும். காற்று இரண்டு மடங்கானால் தள்ளல் நாலு மடங்கு. காட்டுத்தடி நட்டால் கறையான் தின்று முதல் மாரியிலேயே சாயும். பலகையின் அடிவிளிம்பு நிலத்திலிருந்து நாலடிக்கு மேல் இருந்தால் மாடு உரஞ்சாது.

புதுத் தகரத்தில் நேரே எனாமல் பூசுவதுதான் எல்லாரும் செய்கிற பிழை. தகரத்தின் நாக (சிங்க்) பூச்சில் அது பிடிக்காது, சில மாதத்தில் தோல் தோலாக உரியும். மண்கடதாசியால் தேய்த்து, வினாகிரியால் கழுவி, காய்ந்தபின் தகரத்துக்கென்றே விற்கிற பிறைமர் ஒரு பூச்சு அடித்து, அதன்மேல்தான் எனாமல்.

எழுத்தளவுக்குக் கணக்கு உண்டு. ஏ-9இல் 70 கிலோமீற்றர் வேகத்தில் வருகிற வாகனம் ஒரு செக்கனில் 19 மீற்றர் ஓடும். வாசிக்க மூன்று செக்கன் கொடுத்தால் 190 அடி தூரத்திலிருந்தே எழுத்து தெரிய வேண்டும். 8 அங்குலத்துக்குக் குறைந்தால் தெரியாது, 10 அங்குலம் நல்லது. அந்த அளவில் எட்டடிப் பலகையில் ஒரு வரிக்கு எட்டு ஒன்பது எழுத்துத்தான் பிடிக்கும். "எங்கள் பிள்ளைகள் எங்கே?" என்ற கேள்விக்கே ஒரு பலகை முழுக்க வேண்டும். மூன்று மொழியையும் ஒரே பலகையில் திணித்தால் மூன்றையும் யாரும் வாசிக்க மாட்டார்கள். மொழிக்கு ஒரு பலகை வையுங்கள். சிங்களப் பலகையைச் செலவென்று விடாதீர்கள். ஏ-9ஆல் வடக்கே வருகிற யாத்திரை பஸ்களில் இருப்பவர்கள் அதைத்தான் வாசிப்பார்கள், அவர்களுக்கு இதை வேறு யாரும் சொல்லப்போவதில்லை. எழுத முதல் சிங்களம் தாய்மொழியான ஒருவரிடம் காட்டி எழுத்துப்பிழை பாருங்கள். அரச பலகைகளில் எங்கள் மொழியைக் கொலை செய்வதைக் கண்டு கொதிக்கிற நாங்கள் அதையே திருப்பிச் செய்யக் கூடாது. பலகை நடுகிற காணி யாருடையது என்பதையும் பாருங்கள். வீதி ஒதுக்குக்குள் நட்டால் கழற்றுவதற்கு அதிகாரிகளுக்கு ஒரு சாட்டு, தனியார் காணியில் சம்மதக் கடிதத்தோடு நட்டால் அந்தச் சாட்டு இல்லை.

படங்கள்

கொட்டகையில் தொங்குகிற படங்களே உண்மையில் ஆகப் பெரிய சுவரெழுத்து. அவைதான் ஆகக் கெதியாகப் பழுதாவதும். மூலப்படத்தை ஒருபோதும் தொங்கவிட வேண்டாம். முதலில் ஸ்கான் எடுத்து இரண்டு இடத்தில் வையுங்கள், சில குடும்பங்களில் இடம்பெயர்வுக்குப் பிறகு மிஞ்சியது அந்த ஒரு அடையாள அட்டைப் படம் மட்டும்தான். இங்க்ஜெட்டில் அடித்தது வெயிலில் மாதக்கணக்கில் வெளுக்கும். லேசர் பிரின்ற் கூட நாள் நிற்கும், கறுப்பு வெள்ளை இன்னும் நிற்கும். லமினேற் பண்ணும்போது கடதாசியைச் சுற்றி ஐந்து மில்லிமீற்றருக்குக் குறையாமல் வெறும் பிளாஸ்ரிக் விளிம்பு விடச் சொல்லுங்கள். கயிறு கட்டத் துளை போடுகிற மேற்பக்கம் இரண்டு சென்ரிமீற்றர் விடவேண்டும். துளை கடதாசிக்கு ஊடாகப் போனால் முதல் மழையிலேயே அந்த ஓட்டையால் தண்ணீர் இறங்கி, நெற்றியிலிருந்து முகம் கரையும். கடைக்காரர் அவசரத்தில் விளிம்பை ஒட்டி வெட்டிவிடுவார், பக்கத்தில் நின்று பாருங்கள். பெயர், காணாமல் ஆக்கப்பட்ட இடம், திகதி மூன்றையும் படத்துக்குக் கீழே அதே கடதாசியில் அடியுங்கள். தனிச் சீட்டாக ஒட்டினால் கழன்றுவிடும். ஒக்ரோபர் மாரி தொடங்க முதல் எல்லாவற்றையும் ஒருதரம் இறக்கிப் பார்த்து, விளிம்பில் வெள்ளைப் புகைபோல ஈரம் ஏறியவற்றை அன்றைக்கே மாற்றிவிடுங்கள்.